ரெண்டு டிஸ்க் போச்சு, டாக்டர்!

பீ...ப்! பீ...ப்! பீ...ப்!

அலறல்!

பல் ஆஸ்பத்திரியில் அலறல் சகஜம்தானே என்கிறீர்களா? சகஜம்தான். ஆனால் நாற்காலியில் படுத்திருந்த கணக்கு வாத்தியார் அலறவில்லை. அலறவும் முடியாது. வாய் நிறையப் பஞ்சு!

சத்தம் வந்தது வீட்டுக்குள்ளேயிருந்து.

பல் டாக்டரின் கை அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

"ஐயையோ... டப்பா!"

"ம்ம்?" என்றார் வாத்தியார்.

"சார், வாயை மூடாதீங்க! பஞ்சைத் தொடாதீங்க! எச்சில் பட்டா அடைச்சதெல்லாம் வேஸ்ட்! இதோ வந்துட்டேன்!"

ஓடினார்.

முன்பக்கம் கிளினிக். பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு நடை, அதில் மாடிப்படி. மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி. அந்த அலமாரிக்குள்தான் டாக்டரின் உயிர் இருந்தது.

பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியது. ஐந்து அறைகள், அறைக்கு ஒரு டிஸ்க். குடும்பத்தின் போட்டோ, வீடியோ, பத்திரம், ஊரார் பல்லின் எக்ஸ்ரே எல்லாம் அதற்குள்தான். டாக்டர் அதை 'ஸ்டோரேஜ்' என்பார். அவர் மனைவி 'டப்பா' என்பார். வீட்டில் யார் வைத்த பெயர் நிலைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? இப்போது டாக்டரும் டப்பா என்றுதான் சொல்கிறார்.

அலமாரிக் கதவு திறந்து கிடந்தது.

மூன்று பச்சை விளக்கு... இரண்டு ஓட்டை!

"ரெண்டு டிஸ்க்கைக் காணோம்!"

டாக்டர் பொத்தானை அழுத்தி அலறலை நிறுத்தினார். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார் அவர் மனைவி. கட்டட இன்ஜினியர். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். அந்த இரண்டு ஓட்டையைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டா...? ரெண்டு போனா எல்லாம் போச்சுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? ஒண்ணு செத்தா மத்த நாலும் சேர்ந்து காப்பாத்தும், ரெண்டு செத்தா சங்குதான்னு... கல்யாணம் ஆன நாள்லேருந்து அதே பாட்டுதானே!"

"இரு, இரு... நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்ன இருக்கறது? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை கமிஷன்! என் போட்டோ எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு! போச்சு! என் தலையில மண்ணு!"

விஷயம் இதுதான். இரண்டு மாதம் முன்பு ஒரு கட்டடம் சரிந்தது. நல்லவேளை, யாரும் குடிவராத கட்டடம். வாட்ச்மேனுக்குக் கால் முறிந்ததோடு போயிற்று. 'இன்ஜினியரம்மா போட்ட டிசைன் தப்பு' என்று கைகாட்டிவிட்டான் காண்ட்ராக்டர். உண்மையில் பன்னிரண்டு கம்பி போட வேண்டிய தூணில் எட்டைப் போட்டு கான்கிரீட்டை ஊற்றி மூடியவன் அவன்தான்! 'கம்பி குறையுது' என்று இன்ஜினியரம்மா எழுதிக் கொடுத்த கடிதம் காணாமல் போயிற்று. ஆபீஸ் லேப்டாப்பைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. மிச்சம், தூண் தூணாக அவர் எடுத்து வைத்த நூற்றுப் பதினெட்டு போட்டோ. அவை இருந்த ஒரே இடம், டப்பா.

'வேறெங்கேயாவது ஒரு காப்பி போட்டு வைப்போம்' என்று தோன்றவில்லையா? தோன்றியது. 'அதான் டப்பா இருக்கே' என்று இருந்துவிட்டார்கள். நீங்களும் நானும் அப்படித்தான்.

போட்டோ இருந்தால் மானம் மிஞ்சும். இல்லாவிட்டால் நாளைக்கு இந்நேரம் அம்மா ஜெயிலில்!

"நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று டாக்டர் மறுபடி ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" என்ற மனைவி அதற்குள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டார்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். வெளியில் ஊரையே உட்கார வைத்துப் பேசுகிறவருக்கு வீட்டில் ஒரு வாக்கியத்தை முடிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

நிஜமாகவே ஊரைத்தான். டாக்டருக்கு ஒரு வியாதி உண்டு. நாற்காலியில் படுத்து யாராவது வாயைத் திறந்தால் போதும், டப்பா புராணத்தை ஆரம்பித்துவிடுவார். எத்தனை டிஸ்க், எது செத்தால் எது காப்பாற்றும், எல்லாம் சொல்வார். சில பேரைக் கையோடு நடைக்கு அழைத்துப் போய்க் காட்டவும் செய்வார். வாயில் குழாயோடு இருப்பவர்கள் 'போதும்' என்று சொல்ல முடியாது பாருங்கள்!

டாக்டர் கிளினிக்குக்குத் திரும்பினார்.

"சார், நான் பல்லு அடைச்சிட்டிருந்தப்போ நடைப் பக்கம் யாராவது போனாங்களா? உங்க தலைக்கு மேல கண்ணாடி இருக்கே, ஏதாவது தெரிஞ்சுதா?"

"ம்ம்! ம்ம்ம்!" வாத்தியார் வேகமாகத் தலையாட்டினார். தன் வலது கன்னத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"வலிக்குதா? மரத்துப்போன இடம் சார், அப்படித்தான் இருக்கும். இன்னும் பத்து நிமிஷம் வாயை மூடாதீங்க."

"ம்ம்ம்ம்!"

வாத்தியார் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் 'சொன்னதைச் செய்' என்று சொல்லிக் கொடுத்தவர். சொன்னதைச் செய்தார். வாயை மூடவில்லை, பஞ்சையும் தொடவில்லை.

ஆறாவது நிமிடம்...

தூறலில் நனைந்தபடி வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பச்சை ரெயின்கோட்டைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, தோளில் பையோடு உள்ளே வந்தார் ஏரியா சப்-இன்ஸ்பெக்டர் அம்மா. தனியாக.

"அடேங்கப்பா, இவ்வளவு சீக்கிரமாவா!" என்றார் மனைவி.

"பக்கத்துத் தெருவுலதான் இருந்தேன். திருட்டு எங்கே?"

டாக்டரின் கண் வேறிடத்தில் இருந்தது. எஸ்.ஐ. அம்மாவின் வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"மேடம்! போன திங்கக்கிழமை ரெண்டாவது சிட்டிங்குக்கு வரச் சொன்னேனே! ரூட் கெனாலைப் பாதியில விடலாமா? எப்படி வீங்கியிருக்கு பாருங்க!"

"டூட்டி டாக்டர், டூட்டி! எங்களுக்குப் பல்லு வலிக்கக்கூட நேரம் கிடையாது."

நாற்காலியில் வாத்தியார் துள்ளினார்.

"ம்ம்ம்! ம்ம்! ம்ம்ம்!"

"இவருக்கு என்ன?" என்றார் எஸ்.ஐ.

"பயப்படறார் மேடம். சார், உங்களுக்கெல்லாம் வீங்காது. போய் வெளி பெஞ்சுல உட்காருங்க!"

வாத்தியார் எஸ்.ஐ.யையே பார்த்தபடி, திறந்த வாயோடு, வெளியே போனார்.

எஸ்.ஐ. அம்மா அலமாரியின் முன் நின்றார். இரண்டு ஓட்டையையும் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"ரெண்டு போயிடுச்சா... அடப் பாவமே! அப்போ மொத்தமும் போச்சுன்னு சொல்லுங்க."

டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

மூடினார்.

கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆமா மேடம். மொத்தமும் போச்சு."

மனைவி ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"நாளைக்கு நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டு அங்க நிப்பேன்..."

"பழைய டிஸ்க் எல்லாம் எங்கே?" என்றார் எஸ்.ஐ. "மாத்தினதா உங்க சம்சாரம் போன்ல சொன்னாங்களே."

"துடைச்சுக் கடைக்கு அனுப்பியாச்சு மேடம்!" என்றது ஒரு குரல்.

மாடிப்படியில் ஈரத்தலையும் துண்டுமாக இறங்கி வந்தான் மச்சான். இன்ஜினியரம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன். ஒரு வாரமாக அக்கா வீட்டில்தான் டேரா. பழைய சின்ன டிஸ்க்கை ஒவ்வொன்றாக உருவி, மூன்று மடங்கு பெரிய டிஸ்க்கைச் சொருகி, உள்ளே இருந்ததெல்லாம் அதில் ஏறும் வரை நாள் முழுக்கக் காத்திருந்து, அப்புறம் அடுத்ததை உருவி... இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குத்தான் வேலை முடிந்திருந்தது. குளிக்கப் போனவன் இப்போதுதான் வருகிறான்.

"அக்கா, எதுக்கு அழறே? ரெண்டு டிஸ்க் போனா என்ன, அதான்..."

நறுக்!

"ஆ! அத்தான்! ஏன் காலை மிதிக்கிறீங்க?"

"வாயை மூடுடா! பண்றதையும் பண்ணிட்டுப் பேச்சு வேறயா?"

மச்சான் திகைத்தான். அத்தான் இதுவரை அவனிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

"நானா? நான் என்ன பண்ணினேன்?"

எஸ்.ஐ. அம்மாவின் முகம் மலர்ந்தது, வீங்காத பக்கம் மட்டும்.

"டாக்டர் சொல்றது சரிதான். கதவு உடையலை. வெளியாளு வந்த தடயம் இல்லை. டப்பாவைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவன் வீட்டுக்குள்ளேயே இருக்கான். தம்பி, ஸ்டேஷனுக்குக் கிளம்பு!"

"அக்கா! பாருக்கா!"

"என் தம்பி எதுக்கு என் குடியைக் கெடுக்கப் போறான்?" என்று அழுகைக்கு நடுவில் சீறினார் அக்கா.

"அதை நான் விசாரிச்சுக்கறேன்மா. அப்புறம்... இந்த மிச்ச மூணு டிஸ்க்கையும் எவிடென்ஸா எடுத்துக்கறேன். இனிமே அது வெறும் இரும்புதானே?"

எஸ்.ஐ.யின் கை நீண்டது. மூன்றில் முதலாவதன் கைப்பிடியில் விரல் பட்டது. கைப்பிடி 'க்ளிக்' என்று அரை அங்குலம் வெளியே வந்தது...

மச்சானின் கண்கள் பிதுங்கின. 

"மேடம்!!" என்று கத்தினார் டாக்டர். "அசையாதீங்க!"

"என்ன டாக்டர்?"

"கன்னம்! வெளிச்சத்துல இப்பத்தான் பார்க்கறேன். சீழ் கோத்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள கண்ணு வரைக்கும் ஏறிடும். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன்... நான் பயமுறுத்தலை, உள்ளதைச் சொல்றேன். பத்தே நிமிஷம். பல்லைத் திறந்து அழுத்தத்தை வெளியேத்திட்டா வலி பட்டுனு நிக்கும். டிஸ்க் எங்கே ஓடிடப் போகுது? இவன்தான் எங்கே ஓடிடப் போறான்?"

வலி என்ற வார்த்தையைக் கேட்டதும் பல்லுக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. எஸ்.ஐ. அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான்கு நாளாகத் தூக்கமில்லை, பாவம்.

"பத்து நிமிஷம்தானே?"

"கரெக்டா பத்து."

கைப்பிடியை விட்டார். டாக்டர் அதை நாசூக்காக உள்ளே தள்ளினார். மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ உள்ளே போய் உன் தம்பியோட உட்கார்ந்து அழு. மச்சான், உனக்குத் தெரிஞ்ச விதத்துல அக்காவுக்கு ஆறுதல் சொல்லு!"

மறுபடியும் ஒரு மிதி. இந்தத் தடவை மச்சான் கத்தவில்லை. அத்தானையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். விளங்கிவிட்டது.

"பையைக் கொடுங்க மேடம், மடியில எதுக்கு பாரம்?"

எஸ்.ஐ. ஒரு நொடி தயங்கினார். கொடுத்தார். டாக்டர் அதை வாங்கினார். பையின் அடியில் கை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அறையின் கடைசி மூலையில் மேஜைமேல் வைத்தார்.

ஊசி போட்டார். நாற்காலியைச் சாய்த்தார். தலை கீழே, கால் மேலே. வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டை. ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். பல்லைத் திறந்தார். அழுத்தம் இறங்கியதும் எஸ்.ஐ. அம்மாவின் கண்ணில் நிம்மதி தெரிந்தது.

"வலி குறைஞ்சுதா?"

"ஆ."

"சும்மா படுத்திருந்தா போரடிக்கும். டப்பா கதை சொல்லட்டுமா? முதல் சிட்டிங்ல பாதிதான் சொன்னேன்."

"ஆ... ஆ..."

"சந்தோஷம். மேடம், டிஸ்க்கை எடுத்த ஆள் ஏன் சரியா ரெண்டு எடுத்தான்? விஷயம் தெரியாத திருடனா இருந்தா, பக்கத்துலயே என் சம்சாரத்தோட கேமரா இருக்கு, அதைத் தூக்கிட்டுப் போயிருப்பான். டிஸ்க்கைத் தொட்டிருக்க மாட்டான். சரியா?"

"ஆ..."

"அப்போ விஷயம் தெரிஞ்ச ஆள். ஆனா என் மச்சான் இல்லை. அவன் எடுத்திருந்தா மூணு எடுத்திருப்பான்!"

நாற்காலியில் அசைவு நின்றது.

"ஏன்னா, பெரிய டிஸ்க்கா மாத்தினப்போ நாங்க முறையையும் மாத்திட்டோம். முன்னாடி ஒண்ணு போனாத்தான் தாங்கும். இப்போ ரெண்டு போனாலும் மிச்ச மூணும் காப்பாத்திடும். டப்பா சாகலை மேடம். கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்!"

"ஆங்...!!"

"அசையாதீங்க, பல்லுக்குள்ள ஊசி இருக்கு. கண்ணு ஏன் இவ்வளவு பெருசாகுது? மீதியையும் கேளுங்க. ஒரு வாரமா இந்த நாற்காலில வாயைத் திறந்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிட்டேன். பழைய பாடம் மட்டும் கேட்டுட்டு, புதுப் பாடம் கேக்காம நின்னுட்ட ஆள் யாரு? டப்பா இருக்கற இடத்தையும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டின ஆள் யாரு? போட்டோ இங்கே மட்டும்தான் இருக்குன்னு என் சம்சாரம் ஸ்டேஷன்ல வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாளே, அதை வாங்கின ஆள் யாரு?"

எஸ்.ஐ. எழ முயன்றார். டாக்டர் காலால் மிதியை அழுத்தினார். நாற்காலி இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

"அது வரைக்கும் சந்தேகம்தான் மேடம். அப்புறம் உங்க பையை வாங்கினேன். அடி சுட்டுது. ஓடிட்டிருந்த டிஸ்க்கை உருவினா அரை மணி நேரமாவது வெதுவெதுன்னு இருக்கும். சாப்பாட்டு டப்பான்னும் நினைச்சிருக்கலாம். ஆனா இந்தப் பல்லை வச்சிக்கிட்டு யாரு சுடச்சுட சாப்பிடுவா?"

"அத்தான்!" நடையிலிருந்து மச்சானின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "நூத்திப் பதினெட்டும் வந்துடுச்சு! மூணு காப்பி போட்டுட்டேன்! ஒண்ணு கமிஷன் ஜட்ஜுக்கே போயாச்சு!"

எஸ்.ஐ. ரப்பர் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். உருண்டு எழுந்தார். மூலையிலிருந்த பையை நோக்கிப் பாய்ந்தார். பறித்தார். வாசலுக்கு ஓடினார்.

வாசலில் பெஞ்சைக் குறுக்கே இழுத்துப் போட்டு, அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார் கணக்கு வாத்தியார்.

"தூ!"

பஞ்சைத் துப்பினார்.

"டாக்டர்! பத்து நிமிஷம் எப்பவோ முடிஞ்சது! இந்தம்மாதான்! பச்சை ரெயின்கோட்டு, வீங்கின கன்னம்! கண்ணாடியில பார்த்தேன்! அதைத்தானய்யா அரை மணி நேரமா கன்னத்தைத் தட்டித் தட்டிச் சொல்றேன்!"

பின்னால் மச்சான், முன்னால் வாத்தியார். பை கைமாறியது. திறந்தார்கள். உள்ளே வெதுவெதுவென்று இரண்டு டிஸ்க். மச்சான் கைப்பட ஒட்டிய ஸ்டிக்கரோடு. மூன்று... ஐந்து!

இன்ஜினியரம்மா ஜட்ஜுக்குப் போன் போட்டார். இருபதாவது நிமிடம் ஜட்ஜ் சொல்லி அனுப்பிய பெரிய அதிகாரி வந்துவிட்டார், இரண்டு ஜீப்போடு. எஸ்.ஐ. அம்மாவை விசாரித்தார். பாதி வாய் மரத்திருந்ததால் "ஹாண்ட்ராக்டர்... ஹங்கச்சி... ஹுருஷன்" என்று ஏதோ வந்தது. அதிகாரி பேப்பரைக் கொடுத்து எழுதச் சொன்னார். காண்ட்ராக்டர் எஸ்.ஐ.யின் தங்கை புருஷனாம். தங்கை வந்து கதறினாளாம். இரண்டு டிஸ்க்கை உருவினால் போதும், தங்கை பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தாராம்.  அதைப் படித்தபோது டாக்டருக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அதிகாரியிடம். "பல்லைத் திறந்தபடி அனுப்ப மனசு வரலை. மருந்து வச்சு அடைச்சிடறேன்."

அடைத்தார். ஜீப் ஏறும்போது மருந்துச் சீட்டை நீட்டினார்.

"திங்கக்கிழமை ரெண்டாவது சிட்டிங்குக்கு ஒழுங்கா வந்திருந்தீங்கன்னா மேடம்... பல்லும் அப்பவே சரியாகியிருக்கும், இந்த ஜீப்புலயும் முன் சீட்டுலயே உட்கார்ந்திருப்பீங்க!"

ஜீப் போய்விட்டது. மச்சான் டிஸ்க்குகளை அதனதன் அறையில் சொருகினான். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின. வாத்தியார் மறுபடி நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார், பாதி அடைத்த பல்லோடு.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். அழுத கண். ஆனால் இப்போது அதில் வேறு மின்னல்.

"ஏங்க... டப்பா சாகலைன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

"தெரியுமே."

"என் தம்பிக்கும் தெரியும்?"

"அவன்தானே முறையையே மாத்தினான்!"

"அப்போ நான் ஒருத்திதான் கூறுகெட்டவ மாதிரி ஒப்பாரி வச்சேனா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே! போன வாரம், சாப்பிடும்போது! 'இனிமே ரெண்டு போனாலும் கவலை இல்லை'ன்னு! நீ 'ம்'னு சொன்னே!"

"பத்து வருஷமா எல்லாத்துக்கும்தான் 'ம்'னு சொல்றேன்! நீங்க டப்பாவைப் பத்திப் பேசினா என் காது தானா மூடிக்குதே, நான் என்ன பண்ணட்டும்?"



மனைவி நாற்காலியைப் பார்த்தார். வாத்தியார் அதில் வாயைப் பிளந்துகொண்டு, டாக்டரின் பேச்சுக்குத் தயாராகப் படுத்திருந்தார்.

"அடுத்த தடவை டிஸ்க் மாத்தறப்போ என்னையும் அந்த நாற்காலியில படுக்கப் போட்டு, வாயில பஞ்சை அடைச்சிட்டுச் சொல்லுங்க... அப்பவாவது காதுல விழுதான்னு பார்ப்போம்!"